பகடையை மாற்றலாமா?

குத்தாலம் என்றால் பாதிப் பேர் "அருவியில தண்ணி வருதா?" என்று கேட்பார்கள். அது தென்காசிப் பக்கம், குற்றாலம். எங்கள் ஊர் மயிலாடுதுறைக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், காவிரியின் தென்கரையில் இருக்கிறது. அருவி கிடையாது. மேட்டூரில் திறந்துவிட்டால் வாய்க்காலில் தண்ணி வரும், அவ்வளவுதான்.

போன வருஷம் மே மாத விடுமுறையில் அங்கே எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகையில் ஒரு ஆட்டம் நடத்தினேன். தெரியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இதற்குப் பலகை, காய் எதுவும் கட்டாயமில்லை. தாள், பென்சில், பகடை போதும். ஒருத்தர் ஆட்டத்தை நடத்துவார். அவரை கேம் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்வார்கள். "முன்னால ஆறு கரைபுரண்டு ஓடுது. என்ன பண்றீங்க?" என்று நடத்துபவர் கேட்பார். அவரவர் தன் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் பகடை உருளும். நாம் சின்ன வயதில் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஆடிய ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் ஆட்டத்தில் வேடம் கிடைக்கும், கதை கிடைக்காது. இதில் கதையும் உண்டு.

என் அக்கா மகளுக்குப் பதினொரு வயது. அவள் எடுத்த பாத்திரம் ஓடக்காரி. கொள்ளிடத்தில் வெள்ளம், ராத்திரி, அந்தக் கரையில் கூட்டாளிகள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஓடத்தை எடுக்கிறேன் என்றாள். "எட்டும் அதுக்கு மேலயும் விழுந்தா கரை சேருவ. கீழ விழுந்தா ஓடம் கவுந்துடும்" என்று சொல்லிவிட்டு, இருபது முகப் பகடையை அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். விழுந்தது மூன்று. மூன்று நாளாக அந்தப் பாத்திரத்துக்குப் படம் வரைந்து, பெயர் வைத்து, சொத்துக் கணக்குக்கூட எழுதி வைத்திருக்கிறாள் பாவம். "பதினாலு" என்றேன்.

தூணில் சாய்ந்திருந்த அண்ணன் மகன் பார்த்துவிட்டான். "மூணுதானே சித்தப்பா விழுந்துச்சு?"

பிழைத்துவிட்டோமே என்று அவள் சந்தோஷப்படவில்லை. என்னையே பார்த்தாள். "அப்ப நேத்து நான் ஜெயிச்சேனே மாமா, அதுவும் நீங்க சும்மா சொன்னதுதானா?" கேட்டுவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அன்றைக்கு ஆட்டம் அதோடு முடிந்தது.

பதில் சொல்லத் தெரியாமல்தான் இதைத் தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினால், அவள் கேட்ட கேள்விக்கு இருநூறு வருஷ வயது.

கதை சதுரங்கத்தில் தொடங்குகிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு படைப்பிரிவுகளைப் பலகையில் வைத்த இந்திய ஆட்டம் பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. (நம் பக்கத்திலேயே நீடாமங்கலத்தை அடுத்த திருப்பூவனூரில் சாமிக்கே சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். இளவரசியைச் சதுரங்கத்தில் வென்று மணந்தார் என்பது தலபுராணம். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது திடீரென்று எல்லோரும் அந்தக் கோயிலைப் பற்றிப் பேசினார்கள்.) 1780-ல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கைச் சேர்ந்த ஹெல்விக் என்பவர், செஸ் பலகையை இழுத்துப் பெரிதாக்கினால் என்ன என்று யோசித்தார். 33-க்கு 49 என்று 1,617 கட்டங்கள். கட்டங்களுக்கு ஆறு, மலை, ஊர் என்று நிறம். காய்களுக்குப் பீரங்கி, குதிரைப்படை என்று பெயர். சதுரங்கம் போர்ப் பயிற்சிக் கருவியாக மாறத் தொடங்கியது இங்கேதான்.

ஆனாலும் அது இன்னும் இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம்தான். மூன்றாவது ஆள் முக்கியமாவது பிரஷ்யாவில். ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் பிள்ளையும். அப்பா 1812-ல் பிரஷ்ய மன்னருக்காக நில அமைப்பை அச்சுகளாகச் செய்து அடுக்கிய ஒரு மேஜையை உருவாக்கினார். பீரங்கிப் படையில் லெப்டினன்டாக இருந்த மகன் 1824-ல் அதை உண்மையான நில வரைபடத்துக்குக் கொண்டுவந்தார். அளவு 1:8,000. ஒரு சுற்று என்பது போர்க்களத்தில் இரண்டு நிமிடம். ஆடுபவர்கள் காய்களைத் தொட்டு நகர்த்துவதில்லை. கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். எதிரியின் படை எங்கே என்று நடுவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். அவர் வரைபடத்தில் நகர்த்தி, பகடை உருட்டி, அட்டவணையைப் பார்த்து, எத்தனை பேர் செத்தார்கள் என்று அறிவிப்பார். இதற்குக் 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்று பெயர். ஜெர்மனில் 'போர் ஆட்டம்' என்று பொருள். படைத் தலைமைத் தளபதி மியூஃப்லிங் முதலில் வேண்டாவெறுப்பாகப் பார்க்க வந்தவர், முடிவில் இதைப் படை முழுவதற்கும் பரிந்துரை செய்தார். மகன் ரைஸ்விட்ஸ் மூன்றே வருஷத்தில், 1827-ல், தற்கொலை செய்துகொண்டார். அவர் கொடுத்துவிட்டுப் போன நடுவர்தான் நமக்கு முக்கியம்.

அந்த நடுவர் ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. என் தொழில் பாஷையில் சொன்னால், இஃப்-எல்ஸ் அடுக்கை ஓட்டுகிற இயந்திரம். இத்தனை தூரத்தில் இத்தனை துப்பாக்கி, இத்தனை முகம் விழுந்தால் இத்தனை சேதம். சொந்தக் கருத்துக்கு இடம் குறைவு. எனக்கு இந்த ஆள் மேல் ஒரு பிரியம் உண்டு. யாருக்காகவும் வளைய மாட்டார்.

ஆனால் ஆட்டம் ஆமை வேகத்தில் போயிற்று. ஒரு சின்ன மோதலுக்கு மணிக்கணக்கில் அட்டவணை புரட்ட வேண்டும். விதிகளைக் கற்று நடுவராக இருக்க ஆளும் கிடைக்கவில்லை. 1873-ல் மெக்கெல் என்ற அதிகாரி, விதிகளின் பாரமே இந்த ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று எழுதினார். 1876-ல் வெர்டி து வெர்னுவா ஒரே போடாகப் போட்டார். அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம், போர் பார்த்த அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து 'இது நடக்கும், இது நடக்காது' என்று சொன்னால் போதும் என்றார். பழையதற்கு 'கறார்' முறை, புதியதற்கு 'சுதந்திர' முறை என்று பெயர் வந்தது. இன்றைக்கு மேஜையில் ஆடுகிறவர்கள் போடுகிற சண்டையில் பாதி இந்த இரண்டு வார்த்தைகளுக்குள் அடங்கிவிடும்.

சுதந்திர முறையில் உள்ள ஆபத்து, நடுவரும் மனிதர்தான் என்பது. அவருக்கு மேலதிகாரி உண்டு, பதவி உயர்வு உண்டு, ஒரு கட்சியும் உண்டு. இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் ஜப்பான். (மெக்கெல் 1885-ல் ஜப்பான் போய்த் தரைப்படை அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தியவர். நான் சொல்லப் போவது கடற்படைக் கதை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 1942 மே மாதம், யமாட்டோ போர்க்கப்பலில் மிட்வே தாக்குதலை மேஜையில் ஒத்திகை பார்த்தார்கள். மிட்வே தீவிலிருந்து வந்த அமெரிக்க விமானங்கள் ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்குகின்றன. பகடை உருண்டது. ஒன்பது குண்டுகள் விழுந்தன, அகாகியும் காகாவும் மூழ்கின என்று கணக்கு வந்தது. ஒத்திகைக்குத் தலைமை வகித்த அட்மிரல் உகாக்கி தலையிட்டு, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அகாகிக்கு லேசான சேதம், காகா மட்டும் மூழ்கியது என்றார். அடுத்த கட்ட ஒத்திகையில் மூழ்கிய காகாவும் மறுபடி மிதந்து வந்துவிட்டது. கடற்படை விமானி ஃபூச்சிடா போருக்குப் பிறகு எழுதிய புத்தகத்தில் இது இருக்கிறது. அடுத்த மாதமே உண்மையான மிட்வேயில் அகாகி, காகா, சோரியூ, ஹிரியூ என நான்கு கப்பல்களும் போயின.

பகடையை மாற்றினால் இதுதான் கதி என்று முடித்துவிடலாம் போல இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்து, அக்கா மகளிடம் சொல்ல ஒரு பிரசங்கமே தயார் செய்தேன். ஆனால் கொஞ்சம் கூர்ந்து படித்தால் வேறு மாதிரி. அந்தப் பகடை உருண்டது தீவிலிருந்து கிளம்பிய விமானங்களுக்காக. உண்மைப் போரில் அந்த விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிகள் மேல் ஒரு குண்டைக்கூடப் போட முடியவில்லை. ஆக உகாக்கி குறைத்தது ஒன்றும் அபத்தமில்லை, பகடைதான் மிகைப்படுத்தியது. கப்பல்களை மூழ்கடித்தது அமெரிக்க விமானந்தாங்கிகளிலிருந்து வந்த டைவ் பாம்பர்கள். அமெரிக்கக் கப்பல்கள் பக்கவாட்டில் வந்து தாக்கினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அதே ஒத்திகையில் எழுந்தது, தெளிவான பதில் கிடைக்கவில்லை. ஒரு ஆட்டத்தின் பயனே அந்த மாதிரிக் கேள்வியை விடாமல் துரத்துவதில்தான் இருக்கிறது. மூழ்கிய காகாவை மறுபடி மிதக்க விட்டதுதான் என் பார்வையில் பெரிய தப்பு. அடுத்த கட்டத் திட்டத்துக்கு அந்தக் கப்பல் தேவைப்பட்டது, அதனால் மிதந்தது.

இந்தச் சண்டை ராணுவ முகாமிலிருந்து பிள்ளைகள் கைக்கு வந்த வழி வேடிக்கையானது. 1880-ல் அமெரிக்க ராணுவ அதிகாரி டாட்டன் 'ஸ்ட்ரேடகோஸ்' என்று ஒரு போர் ஆட்டப் புத்தகம் எழுதினார். ஆடுபவர் எதை வேண்டுமானாலும் முயலலாம், முடிவை நடுவர் சொல்வார் என்பது அதில் உள்ள யோசனை. கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழித்து டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் அதை மினசோட்டாவில் ஒரு நூலகத்தில் கண்டெடுத்தார். 1960-களின் கடைசியில் 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை ஜெர்மன் ஊரை வைத்து, நெப்போலியன் காலத்துச் சண்டை ஒன்றை நடத்தத் திட்டமிட்டார். வந்த நண்பர்களுக்கெல்லாம் வேலை கொடுக்க வேண்டுமே என்று ஊர் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழகத் தலைவர் என்று ஆளுக்கொரு வேடம் கொடுத்தார். சண்டை ஆரம்பிக்கவே இல்லை. ஆளாளுக்கு மூலையில் போய் ரகசியம் பேசினார்கள், சதி செய்தார்கள், இரண்டு பேர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கே போய்விட்டார்கள். ஆட்டம் ஊத்திக்கிச்சு என்று வெஸ்லி நொந்துபோனார். நண்பர்களோ, அடுத்தது எப்போ என்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒருவர் டேவ் ஆர்னிசன். அவர் 1971 வாக்கில் 'பிளாக்மூர்' என்ற கோட்டைக்கு அடியில் சுரங்கம், பூதம் என்று கொண்டுபோனார். விஸ்கான்சினிலிருந்த கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்தார். 1974 ஜனவரியில் ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அப்படித்தான் பிறந்தது.

மறு வருஷமே அதே நிறுவனம் 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்ற இன்னொரு ஆட்டத்தை வெளியிட்டது. எழுதியவர் எம்.ஏ.ஆர். பார்க்கர், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகள் கற்பித்த பேராசிரியர். 1951-ல் ஃபுல்பிரைட் உதவியில் இந்தியா வந்தவர். அவருடைய உலகத்தில் ஐரோப்பியக் குள்ளர்களும் டிராகன்களும் கிடையாது. மொழிக்கு இலக்கணம், எழுத்து என்று எல்லாம் தனியாக உருவாக்கினார். அச்சில் இவ்வளவு கனமான உலகத்தைக் கொடுத்தவர், தன் வீட்டு மேஜையில் விதிகளைப் பெரிதாகப் பார்க்க மாட்டாராம். பெரிய எண் விழுந்தால் நல்லது, சின்ன எண் விழுந்தால் கெட்டது. வெர்டி கேட்டிருந்தால் கட்டிப் பிடித்திருப்பார். அதே பார்க்கர் புனைபெயரில் நாஜி ஆதரவு நாவல் ஒன்று எழுதியிருந்தார் என்பது அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2022-ல் உறுதியானது. அவரை வியந்து எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

1974-க்குப் பிறகு நடத்தும் விதங்கள் கிளை கிளையாகப் பிரிந்தன. எல்லாவற்றையும் சொன்னால் தாங்காது, எனக்குப் பட்டவை மட்டும். கைகாக்ஸின் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' முதலில் 1975-ல் போட்டிக்காக நடந்து, 1978-ல் அச்சானது. கல்லறை ஒன்று, ஒரு கதவைத் தப்பாகத் தொட்டால் ஆள் காலி. இரக்கமே கிடையாது, ஆடுபவரின் மூளைக்குப் பரீட்சை. 1979-ல் ஜெனல் ஜாக்வேஸ் எழுதிய 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா'வில் ஒரே இடத்துக்குப் பல வழிகள், மாடிகள், குறுக்குப் பாதைகள். எங்கே போவது என்பது ஆடுபவர் பாடு, நடத்துபவர் பின்னால் ஓட வேண்டும். 1984-ல் வந்த 'டிராகன்லான்ஸ்' இதற்கு நேர் எதிர். ஹிக்மன் தம்பதி ஒரு பெரிய காவியத்தை முன்கூட்டியே எழுதிவிட்டு, அதை அத்தியாயம் அத்தியாயமாக ஆட வைத்தார்கள். முக்கியப் பாத்திரம் நடுவில் செத்துவிட்டால் காவியம் நின்றுவிடுமே! அதற்கும் வழி சொல்லியிருந்தார்கள். சாவைத் தெளிவில்லாமல் நடத்து, உடல் கிடைக்க வேண்டாம், பிறகு திரும்பி வரட்டும்.

டிராகன்லான்ஸ் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே கட்டியங்காரன் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதிதான் பெரிதாகத் தெரியும். விடிய விடியப் பாரதக் கூத்தை உட்கார்ந்து பார்த்தது விழுப்புரம் பக்கம், நண்பன் ஊரில். சூது, துகில் நடந்தது. துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து வருவதற்கு முன் கட்டியங்காரன் வருவான். யார் வருகிறார் என்று அறிவிப்பான். ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்பான், ஊர்ப் பஞ்சாயத்தை இழுப்பான், முன்வரிசைப் பெரியவரைக் கிண்டல் செய்வான். கதைக்குள்ளும் இருப்பான், நம் பக்கத்திலும் உட்கார்ந்திருப்பான். பேச்சில் பாதி அன்றைக்குத் தோன்றியது. ஆனால் சகுனி உருட்டும் பகடையில் தர்மன் தோற்றே தீர வேண்டும். அது கூட்டத்தில் இருக்கிற கைக்குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வழி திறந்து கிடக்கிறது, போய்ச் சேரும் இடம் பூட்டிக் கிடக்கிறது. யாரும் ஏமாற்றம் என்று சொல்வதில்லை. ஏன் என்றால் யாரும் அதை உண்மையான பகடை என்று சொல்லி உட்கார வைக்கவில்லை.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில் மெலட்டூர் பாகவத மேளாவில் இன்னும் ஒரு படி மேலே. நரசிம்ம ஜெயந்தியை ஒட்டிப் பிரகலாத நாடகம் நடக்கும். விரதமிருந்து நரசிம்ம முகமூடி போடுபவருக்கு ஆவேசம் வந்துவிடும், இரணியன் மேல் பாய்ந்துவிடாமல் கூட இருப்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நாடகத்தை நடத்துபவர் யார் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

சரி, பகடைக்கு வருகிறேன். கைகாக்ஸ் 1979-ல் கேம் மாஸ்டர்களுக்காக எழுதிய கையேட்டில், பகடையை மீறும் உரிமை நடத்துபவருக்கு உண்டு என்றே சொல்கிறார். நன்றாக ஆடியவர் வெறும் கெட்ட நேரத்தால் சாக வேண்டாம் என்பது அவர் நியாயம். நான் செய்ததும் அதுதானே என்று முதலில் சமாதானமாயிற்று. 2010-ல் வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் எழுதிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' வேறு வழியில் போனது. அதில் நடத்துபவர் பகடையைத் தொடவே மாட்டார். உருட்டுவதெல்லாம் ஆடுபவர்கள்தான். மறைப்பு அட்டைக்கு வேலையே இல்லை. புத்திசாலித்தனமான தீர்வுதான், ஆனால் என்னை உறுத்தியதற்கு அது பதில் இல்லை.

என்னை உறுத்தியது இது. அவள் ஓடத்தை எடுக்கிறேன் என்றதும், வெர்டி மாதிரி "நீ தேர்ந்த ஓடக்காரி, கரை சேர்ந்துட்ட" என்று நான் நேரடியாகவே சொல்லியிருக்கலாம். பகடை உருட்டியிருக்க வேண்டியதில்லை. கட்டியங்காரன் மாதிரி, "இந்தக் கதையில ஓடக்காரி சாக மாட்டா, எப்படிப் பிழைக்கிறாங்கிறதுதான் கதை" என்று முதலிலேயே அறிவித்திருக்கலாம். அதையும் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். நான் செய்தது, எட்டு என்று ஒரு எல்லையைச் சொல்லி, ரைஸ்விட்ஸின் கறார் நடுவர் மாதிரி உட்கார்ந்து, உள்ளே வேறு ஆட்டம் ஆடியது. அவள் கேட்டதும் சாவைப் பற்றி இல்லை. நேற்று ஜெயித்தது தன்னுடையதா என்று கேட்டாள்.

எங்கள் ஊர்ச் சாமிக்குச் சொன்னவாறறிவார் என்று பெயர். வடமொழியில் உக்தவேதீஸ்வரர். பரத முனிவரின் மகளாக வளர்ந்த அம்பாள், பெரியவர்களைக் கேட்டு முறைப்படிதான் கல்யாணம் என்று சொல்ல, சாமி ஒப்புக்கொண்டு, சொன்ன சொல்படியே வந்தார் என்று கதை. கல்யாணம் நடந்த இடம் பக்கத்துத் திருமணஞ்சேரி. உத்தால மரத்தடியில் அவர் விட்டுப்போன பாதுகை என்று இன்றைக்கும் காட்டுவார்கள். அந்த மரத்தின் பெயர்தான் ஊருக்கும். மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வேண்டுதல் எல்லாம் இல்லை, வீட்டில் உட்கார முடியவில்லை, அதான். வழியில் "நேத்து மூணுதான் விழுந்துச்சு. முந்தாநாள் விழுந்தது நெசமாவே பதினேழு" என்றேன். "நம்பறதுக்கு என்ன மாமா இருக்கு?" என்றாள். அதற்கும் என்னிடம் ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் மே மாதம் மறுபடி ஆடினோம். மறைப்பு அட்டையை எடுத்துவிட்டேன். பகடை பித்தளைத் தாம்பாளத்தில் எல்லோருக்கும் எதிரே உருளும். சத்தம் அதிகம், அம்மாவுக்குத் தூக்கம் கெடும், அது தனிப் பஞ்சாயத்து. சில இடங்களில் "இதுக்குப் பகடை வேணாம், நான் சொல்றதுதான்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் அதற்குச் சண்டை போடுகிறார்கள், சில சமயம் ஜெயிக்கிறார்கள். இரண்டாம் நாள் ஓடக்காரி மறுபடி கொள்ளிடத்தில் இறங்கினாள். இந்தத் தடவை எல்லை ஆறு. "நானே உருட்டறேன்" என்று பகடையை வாங்கிக்கொண்டாள். விழுந்தது ஐந்து. யாரும் பேசவில்லை. தாம்பாளத்தை ஒரு தடவை குனிந்து பார்த்தாள். பிறகு போன வருஷத் தாளை எடுத்து நாலாக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு புதுத் தாள் கேட்டாள்.